சும்மா கத்தாத அலாரம்: ஒயர் பேனலை வீட்டுக்குப் பொருத்தி புரோகிராம் செய்வது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். மதுரையில் தனி வீடு. கீழே ஹால், இரண்டு படுக்கையறை, பின்னால் கொல்லைக் கதவு. மேலே ஒரு அறை, பால்கனி, மொட்டை மாடிக்குப் போகும் ஹெட்ரூம் கதவு. வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள். வருடத்தில் சில தடவை வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூரில் இருக்கும் மகன் (கேள்வி கேட்டவர் இவர்தான்) வீட்டுக்குப் போவார்கள். டிஎஸ்சி பிசி 1832 பேனல் (எல்லா ஒயரும் வந்து சேரும் அலாரம் பெட்டி), எல்இடி கீபேட், நான்கு கதவு மேக்னெட் (கதவு திறந்தால் காட்டிக்கொடுப்பது), இரண்டு பிஐஆர் (ஆள் அசைவைப் பிடிக்கும் சென்சார்), ஆபத்தில் அழுத்த ஒரு பேனிக் பட்டன், சைரன், அலாரம் அடித்தால் போன் செய்யும், சிம் போடும் டயலர் எல்லாம் வாங்கியாயிற்று. எலக்ட்ரீஷியன் பொருத்தித் தருவார், புரோகிராம் தெரியாது என்கிறார். மேல் அறைக்கு இரண்டு கோர் ஒயர்தான் போயிருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஒரு விஷயம். அலாரம் அடித்தால் உங்கள் வீட்டுக்கு ஓடி வரப்போவது யார்? பெரும்பாலும் எதிர்வீட்டுக்காரர். அவர் ஒரு தடவை பதறிக்கொண்டு வருவார், இரண்டாம் தடவை சலித்துக்கொண்டே வருவார், மூன்றாம் தடவை ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவார். அப்பா அம்மாவும் அப்படித்தான்: நடுராத்திரியில் இரண்டு முறை காரணமில்லாமல் கத்தினால் அப்புறம் அதை ஆன் செய்யவே மாட்டார்கள். அதனால் நான் கீழே சொல்லும் இடத் தேர்வு, ஒயரிங், செட்டிங் எல்லாமே தேவையில்லாமல் கத்தக்கூடாது என்பதை முதலில் வைத்துச் சொல்வது.

கதவு மேக்னெட் எளிது. காந்தப் பகுதி கதவில், ஒயர் வரும் பகுதி நிலையில். கீல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், மேல் மூலையில். இடைவெளியை மட்டும் கவனியுங்கள். சின்ன பிளாஸ்டிக் மேக்னெட்டுகள் மரக்கதவில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரை தாங்கும். இரும்பு கிரில் கேட்டிலோ ஸ்டீல் கதவிலோ வைத்தால் இரும்பு காந்தப்புலத்தைத் தின்றுவிடும், அந்த இடைவெளி பாதிக்கும் கீழே போகும். ஹெட்ரூம் கதவு பெரும்பாலும் தகரமோ இரும்போதான், அதற்கு ஷட்டரில் போடுகிற பெரிய அலுமினிய உறை மேக்னெட் வாங்குங்கள். ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதும், பங்குனியில் சுருங்கும். ஆட்டம் உள்ள கதவில் காற்று அடித்தாலே மேக்னெட் விலகும். தாழ்ப்பாளைச் சரிசெய்த பிறகு மேக்னெட்டை ஒட்டுங்கள். ஸ்க்ரூ போட்டால் இன்னும் நல்லது, டபுள் டேப் நம் வெயிலுக்கு ரொம்ப நாள் நிற்காது.

பிஐஆர் கொஞ்சம் நுணுக்கமானது. அது எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. எதிரே உள்ள இடத்தைப் பல விசிறிப் பட்டைகளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றுப்புறத்தைவிட வேறு வெப்பநிலை உள்ள ஒன்று பட்டைக்குப் பட்டை தாண்டினால் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். எனவே திருடன் அதை நோக்கி நேராக நடந்து வருவதைவிட, குறுக்கே நடப்பதையே நன்றாகப் பிடிக்கும். ஹாலின் மூலையில், ஏழரை அடி உயரத்தில், கதவைக் குறுக்காகப் பார்க்கும்படி வையுங்கள். ஜன்னலைப் பார்க்கக்கூடாது, ஏசி காற்று நேரே படக்கூடாது, ஃப்ரிட்ஜின் பின்பக்கமும் வேண்டாம். ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள். காரணமில்லாமல் அலாரம் அடிக்கிறது என்று வருகிற புகாரில் கவரைத் திறந்தால் உள்ளே எறும்புக் கூடு இருப்பது சகஜம். பல்லியைத் தடுக்க முடியாது. லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் சில சமயம் அடிக்கத்தான் செய்யும். டியூப்லைட் இருக்கும் இடத்தில்தான் பூச்சி, பூச்சி இருக்கும் இடத்தில்தான் பல்லி, அதனால் ராத்திரி எரியும் விளக்கிலிருந்து தள்ளி வைத்தால் பாதித் தொல்லை போகும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல் உண்டு, கடைக்காரர்கள் சொல்வதில்லை. மனிதத் தோலின், உடையின் மேற்பரப்பு வெப்பம் 30 முதல் 34 டிகிரி அளவில்தான் இருக்கும். மதுரையில் மே மாதம், நேரடித் தளத்துக்குக் கீழே உள்ள மேல் அறை பூட்டிக் கிடந்தால் சுவரும் அதே சூட்டுக்கு வந்துவிடும், ராத்திரியிலும் சீக்கிரம் ஆறாது. ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லையென்றால் பிஐஆருக்குப் பார்க்க ஒன்றுமில்லை. நல்ல சென்சார்களில் இதைச் சமாளிக்க வெப்ப ஈடுசெய்யும் வசதி இருக்கிறது, இருந்தாலும் பிடிக்கும் தூரம் குறையும். மைக்ரோவேவும் சேர்ந்த டூயல் சென்சார் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். அதில் இரண்டும் சேர்ந்து ஆமாம் என்றால்தான் அலாரம். தப்பான அலாரம் குறையும், வெயிலில் தப்பவிடுவது குறையாது. ஆகவே மாடியை பிஐஆரை மட்டும் நம்பி விடாதீர்கள், ஹெட்ரூம் கதவிலும் பால்கனிக் கதவிலும் மேக்னெட் கட்டாயம்.

அடுத்தது ரெசிஸ்டர். பேனலோடு ஒரு சின்னக் கவரில் 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வந்திருக்கும். பச்சை, நீலம், சிவப்பு வளையங்கள். பல எலக்ட்ரீஷியன்கள் இவற்றைப் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்வதும் ரெசிஸ்டர் இல்லாமல் விடுவதும் ஒன்றுதான். அது ஒயரின் கடைசி முனையில், சென்சாருக்குள் இருக்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது பேனல் 5600 ஓம் பார்க்கும், திறந்தால் சர்க்யூட் அறுந்ததாகப் பார்க்கும். ஒயரை வழியில் யாராவது உரித்து ஒன்றோடொன்று சேர்த்துவைத்தால் பூஜ்யம் தெரியும், பேனல் அதையும் கதவு திறந்ததாகவே எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டர் பேனல் பக்கம் இருந்தால் அந்த ஏமாற்று வேலை கண்ணுக்கே படாது. சென்சாரோடு தொடராக ஒன்றே போதும், இரண்டு ரெசிஸ்டர் முறை உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. பேனலில் சொருகும் முன் ஒவ்வொரு ஜோடி ஒயரையும் மல்டிமீட்டரில் பாருங்கள்: கதவு மூடினால் 5.6 கிலோவை ஒட்டி, திறந்தால் ஒன்றுமில்லை. இதில் சரியாக இல்லாத ஜோனை (ஒரு சென்சாருக்குப் போகும் ஒரு ஜோடி ஒயர் ஒரு ஜோன்) புரோகிராமில் சரிசெய்யவே முடியாது.

கீபேடுக்கு நான்கு ஒயர்: சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை. பேனலில் அதே நிறங்கள் எழுதியிருக்கும், அப்படியே போடுங்கள். சைரனை பெல் டெர்மினலில். பேனலுக்கு 16.5 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர். நம் 230 வோல்ட்டுக்கானதா என்று வாங்கும்போதே பாருங்கள், அமெரிக்க 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சில சமயம் பெட்டியோடு வந்துவிடும். எர்த் ஒயரைச் சும்மா விடாதீர்கள், இடி மின்னல் காலத்தில் அது தேவைப்படும். முதலில் பேட்டரியை மாட்டி, அப்புறம் கரண்ட் கொடுங்கள். பேட்டரியை மட்டும் கொடுத்தால் இந்தப் பேனல் உயிர் பெறாது, பேனல் கெட்டுப்போனது என்று நினைத்துவிட வேண்டாம்.

கரண்ட் பற்றிப் பேசும்போதே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுப் போவது நம் வழக்கம். உங்கள் அப்பாவும் செய்வார், கேட்டுப் பாருங்கள். பேனல், கீபேட், பிஐஆர்கள், டயலர் சேர்ந்து சுமார் 300 மில்லியாம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படியே ஒரு நாள்கூடத் தாங்காது. சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை அலாரம் செத்திருக்கும், மிச்ச நாளெல்லாம் வீடு சும்மா கிடக்கும். பேனலுக்குத் தனி எம்சிபி வைத்து, மெயினை அணைக்காமல் மற்ற எம்சிபிகளை மட்டும் இறக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். இந்த எம்சிபியில் சிவப்பு டேப் ஒட்டி ‘அணைக்காதே’ என்று எழுதிவிடுங்கள். இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தால் சாதாரண கரண்ட் கட்டுக்கும் கவலையில்லை.

இனி புரோகிராம். அலாரம் ஆன் ஆகாத நிலையில் கீபேடில் ஸ்டார், 8, பிறகு இன்ஸ்டாலர் கோடு (பொருத்துபவருக்கான ரகசிய எண்) 5555. புரோகிராம் விளக்கு மின்னும். ‘ஆர்ம்டு’ விளக்கு எரிந்தால் மூன்று இலக்கப் பிரிவு எண்ணைக் கேட்கிறது, ‘ரெடி’ விளக்கு எரிந்தால் அந்தப் பிரிவுக்குள் என்ன போட வேண்டும் என்று கேட்கிறது. வெளியே வர ஹாஷ். எல்இடி கீபேடில் எழுத்து வராது என்பதால் இந்த இரண்டு விளக்குகள்தான் வழிகாட்டி, ஆரம்பத்தில் இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நான் தரும் எண்கள் 1616, 1832, 1864 வரிசைக்கானவை. டிஎஸ்சியின் புதிய நியோ பேனலில் வேறு.

பிரிவு 013-க்குப் போய் கீபேடில் 1, 2 என்ற எண் விளக்குகள் இரண்டும் அணைந்திருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் ஒற்றை ரெசிஸ்டர் முறை, நாம் ஒயர் செய்தது அதற்குத்தான்.

பிரிவு 001-இல் எட்டு ஜோனுக்கும் வகை எண் கொடுக்க வேண்டும். முக்கியமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். வாசல் கதவு ஜோன் 1, கொல்லைக் கதவு 2, ஹெட்ரூம் கதவு 3, பால்கனி 4, ஹால் பிஐஆர் 5, மேல் அறை 6, கட்டில் பக்கத்துப் பேனிக் பட்டன் 7, எட்டாவது காலி என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு வரிசையாக 01, 02, 03, 03, 05, 05, 16, 00 என்று அடியுங்கள். ஏன் இப்படி?

01, 02 இரண்டும் நேரம் கொடுக்கும் வகை. கதவைத் திறந்தால் கீபேட் பீப் அடிக்கும், குறித்த நேரத்துக்குள் கோடு போட்டால் சைரன் வராது. வாசல் கதவுக்கு மட்டும் நேரம் கொடுத்து கொல்லைக் கதவை உடனடி வகையான 03-இல் விடுவதுதான் வழக்கமான சிபாரிசு. உங்கள் வீட்டில் அது சரிப்படாது என்று நினைக்கிறேன். காலை ஐந்து மணிக்கு அம்மா எழுந்து முதலில் எந்தக் கதவைத் திறக்கிறார்? கோலம் போட வாசலா, தண்ணீர் பிடிக்கக் கொல்லையா? தூக்கக் கலக்கத்தில் ஒரு நாள் கொல்லைக் கதவைத் திறந்தால் தெருவே எழுந்துவிடும். அதனால் அதற்கு 02. ஹெட்ரூமும் பால்கனியும் ராத்திரி யாரும் தொடாதவை, அவை 03, திறந்தவுடன் சைரன்.

05 என்பது உள்பக்கச் சென்சாருக்கான வகை. வாசல் வழியாக நீங்கள் நுழைந்தால் பீப் ஓடும் நேரத்தில் ஹால் பிஐஆர் பொறுமையாக இருக்கும். எந்தக் கதவும் திறக்காமல் ஹாலில் ஆள் அசைந்தால், அதாவது ஜன்னல் கம்பியை அறுத்து வந்திருந்தால், உடனே அடிக்கும். வீட்டில் ஆள் இருந்துகொண்டே ஆன் செய்யும் ஸ்டே நிலையில் இந்த வகை தானாகவே ஒதுங்கிக்கொள்ளும், அப்பா ராத்திரி பாத்ரூம் போகலாம். 16 பேனிக்; ஆன், ஆஃப் எதுவாக இருந்தாலும் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்யும். காலி ஜோனை 00 ஆக்காவிட்டால் அது திறந்தே கிடப்பதாக நினைத்து ரெடி விளக்கே வராது.

இந்த ஸ்டே விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கோடு போட்டு ஆன் செய்யும்போது நீங்கள் வெளியே போகிறீர்களா, உள்ளே இருக்கிறீர்களா என்பதைப் பேனல் தானாக ஊகிக்கிறது. வெளியேறும் நேரத்துக்குள் 01 அல்லது 02 வகைக் கதவு ஏதாவது திறந்து மூடினால் எல்லோரும் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு பிஐஆர்களையும் விழிக்க வைக்கும். திறக்கவில்லை என்றால் ஆள் உள்ளே இருக்கிறது என்று பிஐஆர்களை ஒதுக்கிவிடும். ராத்திரி கோடு போட்ட பிறகு கேட் பூட்டினோமா என்று அப்பா வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து படுத்தால், நடுராத்திரி அவர் தண்ணீர் குடிக்க எழும்போது சைரன் அலறும். பேனல் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிடுவார்கள். அது கெடவில்லை, சொன்னபடிதான் செய்திருக்கிறது. இரவில் கோடு போடாமல் ‘ஸ்டே’ பட்டனை இரண்டு வினாடி அழுத்திப் பிடிக்கவும், ஊருக்குப் போகும்போது ‘அவே’ பட்டனை அழுத்தவும் பழக்கிவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை.

நேரங்கள் பிரிவு 005-இல், உள்பிரிவு 01. மூன்று எண்கள், மூன்று இலக்கம், எல்லாம் வினாடி: முதல் நுழைவு நேரம், இரண்டாவது நுழைவு நேரம், வெளியேறும் நேரம். கம்பெனி அளவு 030, 045, 120. வயதானவர்களுக்கு முப்பது வினாடி போதாது, பதற்றத்தில் கோடு தப்பாகும். 045, 060, 120 வையுங்கள். கொல்லையிலிருந்து கீபேடுக்கு நடக்க வேண்டிய தூரத்தையும் பார்த்துத்தான் இரண்டாவது எண்ணைக் கூட்டியிருக்கிறேன். சைரன் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பது அதே 005-இன் 09-ஆம் உள்பிரிவு. 004 நிமிடம் என்று இருக்கும், அப்படியே விடலாம்.

இப்போது மஞ்சள் டிரபிள் விளக்கு. இந்தப் பேனல் லேண்ட்லைன் வழியாகக் கண்காணிப்பு நிலையத்துக்குப் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. உங்களிடம் லேண்ட்லைன் இல்லை. அப்படியே விட்டால் லைன் இல்லை, பேச முடியவில்லை என்று காலமெல்லாம் விளக்கு எரியும், பிறகு நிஜமாகவே பேட்டரி போகும்போது யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். 015-இல் 7-ஆம் விளக்கையும், 380-இல் 1-ஆம் விளக்கையும் அணைத்துவிடுங்கள். இதற்குப் பிறகு டிரபிள் எரிந்தால் ஏதோ உண்மையான கோளாறு. ஸ்டார் 2 அழுத்தினால் எது என்று எண்ணில் காட்டும்.

கோடுகளை மாற்றாமல் விடாதீர்கள். 5555-உம் 1234-உம் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. இன்ஸ்டாலர் கோடு 006-இல். மாஸ்டர் கோடு, புரோகிராமை விட்டு வெளியே வந்து ஸ்டார், 5, 1234, பிறகு 40, பிறகு புதிய நான்கு இலக்கம். வேலைக்கார அம்மாவுக்கு அதே மெனுவில் 01, 02 என்று தனிக் கோடு கொடுங்கள், வேலையை விட்டுப் போனால் அதை மட்டும் அழிக்கலாம். 990 என்ற பிரிவுப் பக்கம் மட்டும் போக வேண்டாம். அது இன்ஸ்டாலர் கோடைப் பூட்டிவிடும், அப்புறம் கோடு மறந்தால் போர்டை ரீசெட் செய்தும் மீட்க முடியாது. தேதி நேரம் ஸ்டார் 6, மாஸ்டர் கோடு, 1. அதில் மாதம் முன்னால், நாள் பின்னால்.

டயலருக்கு வருவோம். சைரனுக்குப் போகும் 12 வோல்ட்டையே டயலரைத் தூண்டும் ட்ரிகர் முனைக்கும் கொடுத்துவிடலாம், சைரன் அடித்தால் அது போன் செய்யும். விலை குறைந்த டயலர்கள் பெரும்பாலும் 2ஜி மட்டும்தான், ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் போட்டுவிட்டு டயலர் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய. ஏர்டெல் அல்லது பிஎஸ்என்எல் போட்டுப் பாருங்கள். வாங்காதவர்கள் 4ஜி உள்ளதாகவே வாங்கிவிடுங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத சிம் துண்டிக்கப்படலாம் என்பதால் ரீசார்ஜ் தேதியை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள், அப்பாவிடம் விடாதீர்கள். சிம்மில் ரகசிய எண் (PIN) கேட்கும் பூட்டை எடுத்துவிட வேண்டும். எண்களின் வரிசையில் முதல் எண் உங்களுடையதாக இருக்கக்கூடாது. பெங்களூரிலிருந்து நீங்கள் என்ன செய்துவிட முடியும்? ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடிய எதிர்வீட்டுக்காரர் முதலில், உள்ளூரில் இருக்கும் சித்தப்பா இரண்டாவது, நீங்கள் மூன்றாவது. எதிர்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: கேட்டுக்கு வெளியே நின்று பார்த்து 100 அல்லது 112-க்குப் போன் செய்தால் போதும், உள்ளே நுழைய வேண்டாம். நீண்ட நாள் ஊருக்குப் போனால் உள்ளூர் ஸ்டேஷனில் பூட்டிய வீடு என்று தகவல் கொடுத்துவிட்டுப் போவதும் நல்லது, ரோந்து போகும்போது பார்ப்பார்கள்.

சைரன் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை வீட்டுக்குள் பீரோ இருக்கும் பக்கம் வைப்பேன், காது வலிக்கும் சத்தத்தில் யாரும் நிதானமாகப் பூட்டு உடைக்க மாட்டார்கள். இன்னொன்று வாங்க முடிந்தால் சன்ஷேடுக்கு அடியில், ஏணியில்லாமல் எட்டாத உயரத்தில்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி புரோகிராமுக்குள் போய் பிரிவு 901 போட்டு வாக் டெஸ்ட் செய்யுங்கள். ஒவ்வொரு கதவையும் திறக்க, ஒவ்வொரு பிஐஆர் முன்பும் நடக்க, சைரன் சின்னதாக ஒலி கொடுக்கும். ஒன்றுகூட விடாமல் தாளில் டிக் போடுங்கள். பிறகு எம்சிபியை இறக்கி பேட்டரியில் மட்டும் ஒரு முறை முழு அலாரத்தையும் அடிக்கவிட்டு டயலர் போன் செய்கிறதா பாருங்கள். சைரன் அடிக்கும்போதுதான் பழைய பேட்டரி படுத்துக்கொள்ளும். நம் சூட்டில் மூன்று வருடத்துக்கு மேல் அந்த பேட்டரியை நம்ப வேண்டாம், பொருத்திய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள். மே மாதத்தில் ஒரு மத்தியானம் மேலே போய் வாக் டெஸ்டைத் திரும்பச் செய்து பாருங்கள்.

கடைசியாக அந்த இரண்டு கோர் ஒயர். பிஐஆருக்கு நான்கு வேண்டும்: இரண்டு கரண்டுக்கு, இரண்டு அலாரத்துக்கு. பழைய ஒயரின் முனையில் நான்கு கோர் ஒயரைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பைப் அடைபடாமல் இருந்தால் வந்துவிடும். வரவில்லை என்றால் சுவரை உடைக்காதீர்கள். மேலே பிஐஆர் எப்படியும் வெயிலில் அரைகுறைதான். அந்த இரண்டு ஒயரில் அறைக் கதவுக்கு ஒரு மேக்னெட் போட்டுவிடுங்கள். ஜோன் 6-இன் வகை 05 ஆகவே இருக்கலாம், புரோகிராமில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மிஞ்சிய பிஐஆரைக் கீழே கொல்லைக் கதவுக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள வழியில் வைத்து, காலியாக உள்ள எட்டாவது ஜோனையும் 05 ஆக்கிக்கொள்ளுங்கள்.